மதுராந்தகம் சுத்தி லாரி தொல்லை இல்லாம சைக்கிள் ஓட்டணுமா? கேளுங்க, சொல்றேன்

சென்னைல சைக்கிள் வாங்கினவங்க எல்லாரும் முதல்ல போறது ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை தான். சனி ஞாயிறு காலைல அங்க ரேஸ் பைக்கும் ரிசார்ட் போற காரும் சேர்ந்து வர்ற வரத்துல ஓரமா ஓட்டவே பயமா இருக்குன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எனக்கு வீடு குரோம்பேட்டை, கொஞ்ச வருஷமா மதுராந்தகம் பக்கம் தான் ஓட்டிட்டு இருக்கேன். தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி: அக்கா, மதுராந்தகம்னா ஜிஎஸ்டி ரோடு தானே? அது ஈசிஆரை விட மோசமாச்சே?

ஜிஎஸ்டில, அதாவது சென்னை திருச்சி ஹைவேல ஓட்டுங்கன்னு யார் சொன்னா தம்பி, அதை விட்டு இறங்கினதுக்கு அப்புறம் தான் நம்ம ரோடே ஆரம்பிக்குது. எந்த ரோடா இருந்தாலும் நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு தான், இந்த ரோட்டுல லாரிக்கு என்ன வேலை? கல் குவாரி, செங்கல் சூளை, கம்பெனி, துறைமுகம் இப்படி எதாவது அந்தக் கடைசில இருந்துச்சுன்னா எவ்வளவு உள்ளடங்கின கிராமமா இருந்தாலும் டிப்பர் வரும், ரோடும் குண்டும் குழியுமா தான் கிடக்கும். ஏரியும் வயலும் நாலு தெருவும் மட்டும் இருக்கற ஊருக்குப் போற ரோட்டுல டவுன் பஸ், பால் வண்டி, டிராக்டர், அவ்வளவு தான். ஜிஎஸ்டிக்கு மேற்கே வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கம் இந்த மாதிரி ரோடு நிறைய இருக்கு.

கேள்வி: 50 கிலோமீட்டருக்குள்ள ஒரு ரூட் சொல்லுங்க. புதுசா ஓட்டறேன்.

கார்ல சைக்கிளை ஏத்திட்டு படாளம் கூட்ரோடு வந்துருங்க, அங்கிருந்து மேற்கே திரும்பினா வேடந்தாங்கல், அப்புறம் வடக்கே கரிக்கிலி, அங்கிருந்து படாளத்துக்கே திரும்பி வந்துரலாம். எப்படி சுத்தினாலும் 50க்குள்ள முடிஞ்சிரும், மேடுன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கிடையாது. பறவை வேணும்னா நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் போங்க. வேடந்தாங்கல் ஏரி மொத்தமே 30 ஹெக்டேர் தான், ஆனா அந்த ஊர்க்காரங்க 18ஆம் நூற்றாண்டுலயே வெள்ளைக்கார கலெக்டர் கிட்ட போய் பறவையை யாரும் சுடக்கூடாதுன்னு உத்தரவு வாங்கினவங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரமாச்சே, அவங்களுக்கு அதோட அருமை தெரியும். அந்தப் பக்கம் போகும்போது ப்ளூடூத் ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு போங்க, புண்ணியமா போகும்.

படாளத்துல சர்க்கரை ஆலை ஒண்ணு இருக்கு. அரவை நடக்கற மாசத்துல கரும்பு டிராக்டர் ரோட்டையே அடைச்சுட்டு போகும், ரெண்டு பக்கமும் கரும்பு நீட்டிட்டு இருக்கும், டிரைவருக்கு பின்னாடி என்ன வருதுன்னு சுத்தமா தெரியாது. அதை ஓவர்டேக் பண்ணாம இருக்கறது நல்லது.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. சம்பா அறுப்பு சமயத்துல, தை மாசி வாக்குல, பாதி ரோட்டுக்கு நெல் காயப் போட்டிருப்பாங்க. ஓரத்துல வரிசையா கல்லு வச்சிருப்பாங்க, சில இடத்துல முள்ளுக் கிளையை வெட்டிப் போட்டிருப்பாங்க, நடுவுல ஒரு பாட்டி காலாலயே நெல்லைக் கிளறிவிட்டுட்டு நடந்துட்டு இருப்பாங்க. அது மேல ஏத்தாதீங்க. ஒல்லி டயர் நெல்லு மேல ஏறி பிரேக் பிடிச்சா வழுக்கிக்கிட்டு போயிரும், அதுவும் இல்லாம அது அவங்க சாப்பாடு. எதிர்ல வேன் வந்தா இறங்கி நின்னுட்டு அப்புறம் போங்க, ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் கெட்டுறாது.

கேள்வி: ஸ்ட்ராவா ஹீட்மேப் பாத்து ரூட் போடலாமா மேடம்?

ஸ்ட்ராவாங்கறது ஓட்டின ரூட்டை பதிவு பண்ற ஆப், அதோட ஹீட்மேப்ல எங்க பளிச்சுனு இருக்கோ அங்க எல்லாரும் ஓட்டறாங்கன்னு அர்த்தம், ரோடு அமைதியா இருக்குன்னு அர்த்தம் இல்ல. சென்னைல பளபளன்னு தெரியறது ஈசிஆர் தானே. நான் சாட்டிலைட் வ்யூ போட்டு ரோட்டை கடைசி வரைக்கும் விரலால இழுத்துட்டே போவேன், எங்கயாவது வெள்ளையா சதுரமா பள்ளம் தெரிஞ்சா அது குவாரி, அந்த ரோடு கேன்சல். நேர்ல போனா மைல் கல்லைப் பாருங்க. தலைல மஞ்சள் அடிச்சிருந்தா நேஷனல் ஹைவே, பச்சைன்னா ஸ்டேட் ஹைவே, ஆரஞ்சுன்னா கிராமச் சாலை. ஆரஞ்சு கல்லைப் பாத்தா கண்ணை மூடிட்டு திரும்பலாம், என்ன, கொஞ்ச தூரத்துல தார் தீர்ந்து போய் செம்மண் வந்தாலும் வரும்.

கேள்வி: நாய் துரத்தினா என்ன செய்யறது?

வேகமா மிதிச்சு தப்பிக்கலாம்னு பாக்காதீங்க, ஓடற காலைப் பாத்தா தான் அதுக்கு துரத்தவே தோணும். நிறுத்தி இறங்கி சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவுல வச்சுக்கிட்டு, கனத்த குரல்ல ஒரு அதட்டு போட்டு, மெதுவா தள்ளிட்டே நடங்க, அதோட எல்லை தாண்டினதும் விட்டுரும். கடிச்சுட்டா, பல்லு லேசா கீறினாலும் சரி, சோப்பு போட்டு ஓடற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருங்க, ஊசி இலவசம் தான். மஞ்சள் வைக்கிறது, சுண்ணாம்பு வைக்கிறது எல்லாம் வேணாம்.

கேள்வி: அக்கா, பொண்ணுங்க தனியா ஓட்டலாமா? வீட்ல விட மாட்டேங்கறாங்க.

நான் தனியா தான் ஓட்டறேன்மா. ஆனா இருட்டுல கிளம்பி ஆளில்லாத ரோட்டுல நிக்கற மாதிரி வச்சுக்க மாட்டேன். ஆறு மணிக்கு மேல கிராமத்துல பால் சொசைட்டி முன்னாடி கேனோட ஆள் நிப்பாங்க, வாசல் தெளிச்சுட்டு இருப்பாங்க, அந்த நேரத்துல உள்ள நுழையற மாதிரி கிளம்பு. டாஸ்மாக் பக்கத்துல தண்ணி குடிக்க கூட நிக்காதே. லைவ் லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிரு, அவங்களுக்கும் நிம்மதி. முதல் தடவை யாரையாவது கூட்டிட்டு போய் ரூட்டைப் பாத்துட்டு வா, அடுத்த தடவை உனக்கே தைரியம் வந்துரும். "எந்த ஊரும்மா, தனியாவா வந்த?"ன்னு வழி நெடுக கேப்பாங்க, அதுக்கு மட்டும் பதில் ரெடி பண்ணிக்கோ.

கேள்வி: போகும்போது சூப்பரா போச்சு, திரும்பும்போது உயிரே போச்சு. ஸ்டாமினா பத்தலையா?

எந்த மாசம்னு சொல்லலையே நீங்க. மார்கழின்னா அது வாடைக் காத்து சார், வடகிழக்குல இருந்து வரும். மேற்கே போகும்போது முதுகுல தள்ளிவிட்டிருக்கும், நீங்க நம்ம கால் தான் ஓட்டுதுன்னு நினைச்சிருப்பீங்க. ஆடில தலைகீழ், மேல்காத்து மூஞ்சில அடிக்கும், திரும்பும்போது சுகம். எப்பவும் எதிர்காத்துல கிளம்பி, காத்தோட வீட்டுக்கு வர்ற மாதிரி ரூட் போடுங்க. வெயில் காலத்துல காத்தை விட வெயில் தான் பிரச்சனை, கத்திரி வெயில்ல எட்டரைக்குள்ள முடிச்சிருங்க.

கேள்வி: மழைக்காலத்துல ஓட்டலாமா?

ஓட்டலாம், அழகா இருக்கும். ஏரி நிரம்பி கலங்கல்ல தண்ணி போய் தரைப்பாலத்து மேல ஓடுதுன்னா மட்டும் கணுக்கால் அளவு தானேன்னு இறங்காதீங்க. வந்த வழியே திரும்பிருங்க.

கேள்வி: பஞ்சர் தாங்க முடியல. ரோட் பைக், 25 மில்லிமீட்டர் டயர்.

வேலிகாத்தான் முள்ளு. ரோட்டோரம் புதரை வெட்டி அங்கயே போட்டுட்டு போயிருவாங்க. ஃப்ரேம்ல இடம் இருந்தா 28, 32 போடுங்க. டியூப் மாத்தறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் ஒரு துணியை ஒரு சுத்து சுத்தி தடவிப் பாருங்க, முள்ளு முனை உள்ளயே ஒடிஞ்சு இருக்கும், அதை எடுக்காம புது டியூப் போட்டா அதுவும் போகும். டியூப்ல பிரெஸ்டா வால்வுன்னா, அதாவது ஒல்லியா இருக்கற வால்வுன்னா, அடாப்டர் கைல இருக்கட்டும், கிராமத்து பஞ்சர் கடை பம்புக்கு அது செட் ஆகாது.

கேள்வி: நான் வடசென்னை. அவ்வளவு தூரம் வர முடியாது, இந்தப் பக்கம் எதாவது?

மீஞ்சூர் பக்கம் வேணாம், காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் போற வழி அது. பொன்னேரில இருந்து ஆரம்பிச்சு பழவேற்காடு போங்க, தட்டையான ரோடு, டச்சுக்காரங்க கல்லறையைப் பாத்துட்டு மீன் வாங்கிட்டு வரலாம். இல்லைன்னா திருவள்ளூர்ல இருந்து பூண்டி ஏரி. பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் லோக்கல் டிரெயின் இருக்கு, ஆனா முழு சைக்கிளை பெட்டிக்குள்ள ஏத்திரலாம்னு நம்பி பிளான் போடாதீங்க, மடிக்கிற சைக்கிள்னா பரவால்ல.

கேள்வி: அந்த வேடந்தாங்கல் ரூட்டை 100 கிலோமீட்டருக்கு நீட்டணும்னா?

உத்திரமேரூர் வரைக்கும் போங்க. வைகுண்டப்பெருமாள் கோயில் சுவர்ல குடவோலை கல்வெட்டு இருக்கு, பராந்தகச் சோழன் காலத்துது. ஆனா மதுராந்தகத்துல இருந்து நேரா போற மெயின் ரோட்டுல பஸ்ஸும் லாரியும் உண்டு, வேடந்தாங்கல் வழியா கிராமம் கிராமமா போனா தூரம் கொஞ்சம் கூடும், அதான் நமக்கு வேணும். ஊர் எல்லைல பெயின்ட் அடிக்காத வேகத்தடை வரும், பாத்துக்கோங்க.

கேள்வி: வழில சாப்பிட என்ன கிடைக்கும்?

காலைல டீ, பன்னு, வடை. இட்லி வேணும்னா பஸ் ஸ்டாப் இருக்கற ஊர்ல நில்லுங்க. சில்லறை கொண்டு போங்க, உள்ள போக போக சிக்னல் போயிரும், ஜிபே சுத்திட்டே இருக்கும், கடைக்கார அம்மா "பரவால்ல, அப்புறம் குடு"ன்னு சொல்லிருவாங்க, நமக்கு தான் சங்கடம்.