எஸ்கார்ட்கள் தங்கும் மோட்டல் அறை: எந்தத் தரத்திற்குச் செலவு செய்யலாம்?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் மத்திய குயின்ஸ்லாந்தில், நிலக்கரிச் சுரங்கங்களை நம்பியிருக்கும் ஒரு சிற்றூரில், 1970-களில் கட்டப்பட்ட மோட்டல் ஒன்றை நானும் என் மனைவியும் அண்மையில் வாங்கியிருக்கிறோம். தனியாகப் பாலியல் தொழில் செய்யும் எஸ்கார்ட் பெண்கள் சிலர் அவ்வப்போது வந்து மூன்று நான்கு நாள் தங்கிச் செல்வது முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே வழக்கமாம். அவர்களைத் தேடி வருபவர்கள் நல்ல அறையை எதிர்பார்ப்பார்கள் என்று எண்ணி, நான்கு அறைகளை ஆடம்பரமாகப் புதுப்பித்து, இந்தப் பெண்களுக்கு மட்டும் வாடகையைக் கூட்டலாமா என்று யோசிக்கிறோம். அறையின் தரம் அந்த வாடிக்கையாளர்களுக்கு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

பதில்: ஓர் அளவு வரை மிக முக்கியம், அந்த அளவைத் தாண்டியபின் ஏறக்குறைய முக்கியமே இல்லை. உங்கள் பணம் அந்த அளவை எட்டுவதற்குச் செலவாக வேண்டுமே தவிர, அதைத் தாண்டுவதற்கு அல்ல. அந்த அளவு எது என்பதை விளக்குவதற்கு முன், உங்கள் திட்டத்தின் இரண்டாவது பாதியை, அதாவது ‘இந்தப் பெண்களுக்கு மட்டும்’ கூடுதல் வாடகை என்பதை, இப்போதே கைவிடச் சொல்கிறேன்.

குயின்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்ட் 2 முதல், வயது வந்தவர்கள் தம் விருப்பத்தில் செய்யும் பாலியல் தொழில், அதற்கென்று இருந்த தனிக் குற்றவியல் விதிகளிலிருந்தும் உரிம முறையிலிருந்தும் விடுவிக்கப்பட்டு, ஏனைய தொழில்களைப் போலப் பொதுவான சட்டங்களின் கீழ் வந்துவிட்டது. தங்குமிடம் நடத்துவோரை இது நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. மொரன்பா என்ற சுரங்க ஊரில் பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணுக்கு அறை மறுத்த மோட்டல் மீதான வழக்கில், 2012-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மாநில அரசு 1991-ஆம் ஆண்டின் பாகுபாடு தடுப்புச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்து, பாலியல் தொழிலுக்காக அறை பயன்படும் என்று நம்பக் காரணம் இருந்தால் தங்குமிட உரிமையாளர் மறுக்கலாம், வேறு விதமாகவும் நடத்தலாம் என்றாக்கியது. 2013-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் மோட்டலின் பக்கமே நின்றது. 2024-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விதிவிலக்கை நீக்கிவிட்டதால், தொழிலைக் காரணமாக வைத்து அறை மறுப்பதும், அதே அறைக்கு அதிக வாடகை கேட்பதும் இன்று உங்களைப் பாகுபாட்டுப் புகாருக்கு இழுத்துச் செல்லக்கூடியவை. புதுப்பித்த அறைக்கு எல்லா விருந்தினரிடமும் ஒரே கூடுதல் வாடகை வாங்குவதில் தவறில்லை. பழைய உரிமையாளர் சொல்லித்தந்த வழக்கங்களில் பாதி காலாவதியானவையாக இருக்கலாம். உங்கள் முன்பதிவு விதிகளை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி அறைக்கு வருவோம். நட்சத்திரத் தரம் என்பது இரவு தங்கிக் காலையில் எழுந்து செல்லும் ஒருவரைக் கருதி வகுக்கப்பட்டது. காலை உணவு, நீச்சல் குளம், அறைக்கே வரும் உணவு, எழுதுமேசை, அலமாரியின் அகலம் என்று அதில் மதிப்பெண் பெறும் பலவும், அறையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும் ஒருவருக்குக் கண்ணில்கூடப் படுவதில்லை. அவர் அந்த அறையைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார், அறை அவருடன் சேர்ந்து வந்தது. ஆகவே அறை அவருக்கு மகிழ்ச்சியைக் கூட்டும் பொருளாக அன்றி, அச்சத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும் பொருளாகவே முதலில் படுகிறது. யாராவது பார்த்துவிடுவார்களா, இது ஏமாற்று வேலையா, இடம் சுத்தமானதா என்ற மூன்று ஐயங்களோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொண்டால், எங்கே செலவு செய்ய வேண்டும் என்பது தானாகவே புலப்படும்.

முதல் ஐயம் அறைக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, உங்களைப் போன்ற பழைய மோட்டல்களுக்குச் சாதகமானதும் இதுவே. பெருநகரத்து உயர்தர ஓட்டல் ஒன்றில் வரவேற்பறையைக் கடந்து, அறைச் சாவி அட்டை இல்லாமல் நகராத மின்தூக்கியின் முன் நின்று, அந்தப் பெண் கீழே இறங்கி வந்து அழைத்துச் செல்லும் வரை காத்திருக்க வேண்டும். வாடகை அங்கே பல மடங்கு. ஆனால் இந்த ஒரு காரணத்தாலேயே அறை அவருக்குத் தாழ்ந்ததாகிவிடும். பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் இத்தொழிலில் இருப்பவர்கள் பலர் ஐந்து நட்சத்திர ஓட்டலை விட, வாசலில் பேசும் கருவி மூலம் கதவைத் திறந்துவிடக்கூடிய அடுக்குமாடித் தங்குமிடங்களை விரும்புவதற்கு இதுவே காரணம். உங்கள் மோட்டலில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கதவு நான்கு அடி. ரிசப்ஷனைத் தாண்ட வேண்டியதில்லை. இந்த வசதியை எந்தப் புதுப்பித்தலும் உங்களுக்குத் தர முடியாது, ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் நான்கு அடியில் கதவு இருந்தும் பயனில்லாமல் போகும் சூழ்நிலை சுரங்க ஊரில் உண்டு. அங்கே ஓடும் வேலை வண்டிகளில் நிறுவனத்தின் பெயரும் வண்டி எண்ணும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். பிரதான சாலையைப் பார்த்த வரிசையில் அப்படிப்பட்ட வண்டியை நிறுத்த எந்த ஊழியரும் தயங்குவார். பின்புற வரிசையில், கடைக்கோடி அறையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றால் அதற்கு இதுவே காரணமாக இருக்கும். எண்கள் தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொரு கதவின் மேலும் சிறு விளக்கு போடுங்கள். தவறான கதவைத் தட்டும் சங்கடம் அவருக்கும் பக்கத்து அறைக்காரருக்கும் ஒருசேர இருக்காது. நிறுத்துமிடத்திற்குக் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி தேவையில்லை, நிழல் மூலைகள் இல்லாத அளவுக்கு மிதமான, சீரான வெளிச்சம் போதும். அந்த வெளிச்சம் வந்துபோகிறவரை விட அறையில் இருக்கும் பெண்ணின் பாதுகாப்புக்கே அதிகம் தேவை.

அறைக்குள் வந்தபின் குளியலறைதான் எல்லாம். 12 மணி நேரப் பணிமுறை முடித்து வருகிறவர்கள் நிறைந்த ஊர் உங்களுடையது. சுரங்க நிறுவன முகாம்களில் தங்குவோர் வெளியாரை அங்கே அழைத்துச் செல்லப் பொதுவாக அனுமதி இருப்பதில்லை, எனவே மோட்டலுக்கு வருகிறார்கள். வந்ததும் முதலில் செய்வது குளியல், அந்தப் பெண்ணும் பெரும்பாலும் அதையே கேட்பார். ஒரே அறையின் ஷவர் ஒரு நாளில் பல முறை ஓடும்போது, பழைய கொதிகலனின் வெந்நீர் மாலை ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டால் அந்த அறையின் பளிங்குத் தரைக்கு மதிப்பில்லை. ஓடுகளுக்கு இடையே கறுத்த பூஞ்சை, ஈரமாகி ஒட்டும் திரைச்சீலை, மெதுவாக இறங்கும் வடிகால், இவை ஒருவரின் மனத்தை மாற்றும் வேகத்திற்கு மெத்தையின் விலை ஈடாகாது. இடைவெளிகளைச் சுரண்டிப் புதுச் சாந்து பூசுவது, திரைச்சீலையை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பு வைப்பது, வெந்நீர்க் கொள்ளளவைக் கூட்டுவது, காற்று வெளியேற்றும் விசிறியை மாற்றுவது ஆகிய நான்கையும் செய்துவிட்டு, மீதிப் பணம் இருந்தால் மட்டும் அலங்காரத்தைப் பற்றி யோசியுங்கள்.

ஏசி இரண்டாவது. குயின்ஸ்லாந்தின் உள்நாட்டுக் கோடையில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குளிர்ச்சியோடு அதன் இரைச்சலையும் வாடையையும் சேர்த்துக் கவனியுங்கள். நிலக்கரித் தூசி அடைத்த வடிகட்டியின் வாடை எந்த நறுமணத் தெளிப்பானுக்கும் அடங்காது, அடங்குவதுபோல் தோன்றினாலும் இரண்டும் கலந்து இன்னொரு வாடையாகும். பிறகு ஒலி. அக்காலத்து மோட்டல்களில் சிமென்ட் கட்டைச் சுவர்கள் ஓரளவு தாங்கும். ஒலி கசிவது பெரும்பாலும் கதவின் அடியிலும், சன்னல் சட்டத்திலும், இரு அறைகளை இணைத்த பழைய உட்கதவு வழியேயும்தான். ரப்பர்ப் பட்டையும் நல்ல கனத்த இருட்டுத் திரையும் மலிவானவை, இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் உங்கள் வழக்கமான விருந்தினரும் அவற்றுக்காக உங்களை வாழ்த்துவார்கள்.

இரண்டாவது ஐயமான ஏமாற்றைப் பற்றியும் ஒரு சொல். இணையத்தில் விளம்பரம் பார்த்து, முன்பணமும் செலுத்திவிட்டு வரும் ஒருவர், சொன்ன முகவரியில் பெயர்ப்பலகையும் ஒழுங்கான முகப்பும் உள்ள இடத்தைக் கண்டால் பாதி நிம்மதி அடைகிறார். அந்தப் பெண் கேட்கும் கட்டணத்துக்கும் அறையின் தோற்றத்துக்கும் பெரிய முரண் இருந்தால் ஐயம் கிளம்பும். முரண் இல்லாத அளவுக்கு அறை நேர்த்தியாக இருந்தால் போதும், அதற்கு மேல் அறை எவ்வளவு உயர்ந்தாலும் அவர் அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பதில்லை என்பதே என் கணிப்பு. இதற்கு விலக்கு, ஒரு முழு மாலையோ இரவோ நீளும் சந்திப்பு. அப்போது வாடிக்கையாளரும் உண்மையான விருந்தினராகிவிடுகிறார். காட்சி, உணவகம், அகன்ற படுக்கை எல்லாம் கணக்கில் வரும். ஆனால் அத்தகைய சந்திப்புகளில் அறையைப் பெரும்பாலும் வாடிக்கையாளரே எடுத்து, அந்தப் பெண்ணைத் தாம் தங்கும் ஓட்டலுக்கு வரச் சொல்வார். அங்கே தரத்தை எடைபோடுகிறவர் மாறிவிடுகிறார்: அடையாளம் சரிபார்த்து அறை கொடுக்கும், இரவெல்லாம் ரிசப்ஷனில் ஆள் இருக்கும் ஓட்டல் என்பது தமக்குப் பாதுகாப்பு என்பதால் அந்தப் பெண்ணே அதைக் கவனிப்பார். சுரங்க ஊர் மோட்டலுக்கு இந்தச் சந்தை வருவது அரிது; அதற்காக நான்கு அறைகளை அலங்கரிப்பது வீண்.

உங்கள் கணக்கில் விடுபட்ட ஒருவரும் இருக்கிறார். உங்களுக்கு வாடகை தருபவரும், அடுத்த முறை எந்த மோட்டல் என்று முடிவு செய்பவரும் அந்தப் பெண்தான். வந்துபோகிறவருக்கு ஒரு மணி நேரம் என்றால், அவருக்கு அது நான்கு நாள் வீடும் பணியிடமும். கதவில் பார்வைத்துளை, உள்ளிருந்து சாவி இல்லாமல் உடனே திறக்கக்கூடிய பூட்டு, அறை முழுவதும் தடையின்றிக் கிடைக்கும் கைபேசி அலைவரிசையும் வைஃபையும், சமைத்துச் சாப்பிடச் சிறு அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும், பாதி நாளில் யாரும் தட்டாத அமைதி ஆகியவை அவர் கவனிப்பவை. துண்டும் விரிப்பும் அதிகம் செலவாகும். இதைப் பல உரிமையாளர்கள் முணுமுணுப்போடு தருகிறார்கள். அதற்குப் பதில் ‘கூடுதல் துணித் தொகுப்பு’ என்று ஒரு கட்டணத்தை விலைப்பட்டியலில் வெளிப்படையாகப் போட்டு, கேட்கும் எவருக்கும் கொடுங்கள். மெத்தைக்கு நீர்புகா உறை எல்லா அறைகளிலும் இருக்கட்டும். அறையைச் சுத்தம் செய்யும் நேரத்தை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், தர்மசங்கடமான தருணங்கள் பெரும்பாலும் எழாது.

நம் ஊரில் லாட்ஜ் நடத்திய அனுபவத்தோடு வருபவர்களுக்கு, வந்துபோகிற ஒவ்வொருவரையும் யார் என்ன உறவு என்று விசாரிப்பது கைவந்த பழக்கம். தமிழ்நாட்டிலேயே அதற்கு நீதிமன்ற ஆதரவு குறைந்து வருகிறது. மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவது குற்றமாகாது என்று கோவைத் தங்குமிடம் ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியது. குயின்ஸ்லாந்தில் அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். இரைச்சல், பார்க்கிங், ஓர் அறையில் இரவு தங்குவோர் எண்ணிக்கை ஆகியவற்றுக்கான விதிகள் எல்லா அறைகளுக்கும் ஒன்றாக இருந்தால் போதும். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாத இடம் ஒன்றே: தங்கியிருப்பவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் போலத் தெரிந்தால், அல்லது அவருடைய அடையாளச் சீட்டும் கைபேசியும் வேறொருவர் கையில் இருந்து, அவர் பேசுவதற்கும் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தால், நீங்களே விசாரணையில் இறங்காமல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சிக் காவல்துறையை 131 237 என்ற எண்ணில் அழையுங்கள், உடனடி ஆபத்து என்றால் 000.

நான்கு அறைகளுக்கு ஒதுக்கிய பணத்தை என்ன செய்வது என்றால், பின்வரிசையின் கடைக்கோடி அறையை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே சொன்ன குளியலறை, ஏசி, கதவு, விளக்கு வேலைகளை முடியுங்கள். வெந்நீர் அமைப்பு மோட்டல் முழுவதற்கும் பொதுவானது என்றால் அதை முதலில் மாற்றுங்கள், அதன் பலன் எல்லா அறைகளிலும் தெரியும். அந்த அறையைச் சுரங்க ஒப்பந்தக்காரர்களும் குடும்பங்களும் இந்தப் பெண்களும் மாறி மாறி எடுக்கும்படி ஒரே வாடகையில் திறந்து வைத்து, ஆறு மாதத்தில் யார் திரும்பக் கேட்கிறார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். இரண்டாவது அறையைத் தொடுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.