45 வயதுக்கு மேல் ஆரம்பித்தால் உடம்பு தேறுமா?

கேள்வி கேட்டவர் தனக்கு 46 வயது, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இனிமேல் உடற்பயிற்சி ஆரம்பித்துப் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு. நான் ஆரம்பித்தபோது எனக்கு 47. நடந்ததை அப்படியே சொல்கிறேன். நடுவில் நான் செய்த ஒரு தவறும் வரும். அதை நீங்கள் தவிர்த்தாலே மூன்று மாதம் மிச்சம்.

திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை நாற்காலிதான். 2022 நவராத்திரியில் எதிர்வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பாட்டு முடிந்து, சுண்டல் வாங்கி, தாம்பூலம் வாங்கிக்கொள்ள எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. ஒரு கையை ஊன்றினேன். இரண்டு கையையும் ஊன்றினேன். முட்டி போட்டு எழலாம் என்றால் வலது முட்டியில் சுருக்கென்றது. அந்த வீட்டுப் பெண், கல்லூரியில் படிக்கிற பிள்ளை, "இருங்க ஆன்ட்டி" என்று பின்னால் வந்து தாங்கித் தூக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மா 68 வயதில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து ஒரு முழு பலாப்பழத்தை அரிந்து முடித்துவிட்டு, கையில் எண்ணெயோடு, எதையும் பிடிக்காமல் எழுந்து போவார்.

அந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம். அது 5.7-ஐத் தொட்டாலே எச்சரிக்கை, 6.5 என்றால் சர்க்கரை நோய். இடுப்பு 94 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "ஆறு மாசம் தரேன்மா, நடங்க" என்றார்.

சரி, நடப்போம் என்று மறுநாளே ஆரம்பித்தேன். தவறும் அங்கேதான் ஆரம்பித்தது. போனில் அடி எண்ணும் செயலியைப் போட்டுக்கொண்டு முதல் வாரமே பத்தாயிரம் அடி. காலில் வீட்டுக்குப் போடும் ரப்பர் செருப்பு. மூன்றாவது வாரம் காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றியதும் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. பத்து அடி நடந்தால் குறையும், மறுநாள் காலை மறுபடி அதே ஆணி. அப்படியே இன்னும் இரண்டு வாரம் நடந்தேன். டிசம்பரில் நொண்டிக்கொண்டுதான் ஆபீஸ் போனேன். அந்தப் பத்தாயிரம் என்ற எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது, எந்த டாக்டரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் நாலாயிரத்தில் ஆரம்பித்திருப்பேன்.

வலிக்காகத்தான் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். குதிகாலைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த நாற்காலியில உட்காருங்க. கையை மார்புல கட்டிக்கிட்டு எழுந்திரிங்க" என்றாள். மூன்று முறை எழுந்தேன். நாலாவது முறை பின்பக்கம் விழுந்து உட்கார்ந்தேன். "உங்களுக்குக் குதிகால் மட்டும் பிரச்சினை இல்லக்கா. தொடையில சக்தியே இல்ல. நடந்தா மட்டும் அது வராது" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் உடற்பயிற்சி என்றால் வாக்கிங் என்று நினைத்திருக்கிறோம். நடப்பது இதயத்துக்கும் மூச்சுக்கும் சர்க்கரைக்கும் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முப்பது வயதுக்கு மேல் தசை மெதுவாகக் கரைந்துகொண்டே வருகிறது. பாரம் ஏற்றினால்தான் அது திரும்புகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிற வயதில் எலும்பும் சேர்ந்து தேய்கிறது, அதற்கும் பாரம் வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. முதல் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள், இரண்டாம் பாதியை என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

அவள் எனக்குப் போட்டுக்கொடுத்த வழிக்கு ஜிம் தேவைப்படவில்லை. நாற்காலி, முக்காலி, மணை, தரை. அவ்வளவுதான். முதலில் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். ஐந்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. பன்னிரண்டு முறை சிரமமில்லாமல் வந்ததும் ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே செய்யச் சொன்னாள். அதுவும் எளிதானதும் பையைக் கீழே வைத்துவிட்டு உயரம் குறைந்த முக்காலி. அப்புறம் பூஜை அறை மணை. இதோடு சுவரில் கை வைத்துத் தண்டால், படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய வாளியோடு மொட்டை மாடியில் நடப்பது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். முதல் இரண்டு வாரம் மறுநாள் தொடை கனக்கும், மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுவீர்கள். அது தசை வேலை செய்த வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள்ளேயோ குதிகாலிலோ குத்துகிற வலி வேறு. அது வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தசை சில வாரங்களில் பலப்பட்டுவிடும், தசையை எலும்போடு கட்டுகிற தசைநார் அவ்வளவு சீக்கிரம் பலப்படாது. நாற்பதுக்கு மேல் வேகமாகக் கூட்டுகிறவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

நடையையும் விடவில்லை. நல்ல ஷூ வாங்கினேன். சுடிதாருக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நடக்க எனக்கு ஒரு வாரம் கூச்சமாக இருந்தது, இரண்டாவது வாரம் யாரும் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். இரவு சாப்பிட்டு முடித்ததும் பதினைந்து நிமிடம் வீட்டுக்காரரோடு தெருக்கோடி வரை போய் வருவேன். வேலை செய்கிற தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பாட்டுக்குப் பின்னான அந்தச் சின்ன நடைக்குத் தனிப் பலன் உண்டு.

எடை பார்க்கும் மெஷினை நான் நம்பவில்லை. என் அளவுகோல் மலைக்கோட்டை. கீழே மாணிக்க விநாயகரிலிருந்து மேலே உச்சிப்பிள்ளையார் வரை 417 படி. 2023 பிப்ரவரியில் முதல் முறை ஏறியபோது தாயுமானவர் சன்னதி போவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மேல்படிகளில் வெயிலில் நின்று இதயம் காதுக்குள் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கும்போது இன்னும் மோசம், தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. இதைச் சொன்னபோது அந்தப் பிசியோ பெண், "ஏறுறது மூச்சுக்குப் பரீட்சை, இறங்குறதுதான் தொடைக்குப் பரீட்சை" என்றாள். இறங்கும்போது உடம்பின் மொத்தப் பாரத்தையும் தொடை நீண்டுகொண்டே தாங்கிப் பிடிக்க வேண்டும், பழக்கமில்லாத தசை அதில்தான் கைவிடும். வீட்டு வாசல்படியில் ஒற்றைக் காலில் நின்று மற்ற காலை மூன்று எண்ணும் வரை மெதுவாகத் தரைக்கு இறக்கப் பழகினேன். மாதம் ஒருமுறை மலைக்கோட்டை. ஜூனில் இரண்டு இடத்தில் நின்றேன். செப்டம்பரில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. மேலே போய்க் காவிரியையும் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தையும் பார்த்தேன், நிறைய நேரம் பார்த்தேன். கைப்பிடியைத் தொடாமல் இறங்கினேன்.

இந்த வயதில் போனது திரும்புமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்துப் பரிசோதித்தார்கள். முப்பது வருடம் கழித்து, அவர்களுக்கு ஐம்பது ஆனபோது, அதே ஐந்து பேரையும் மறுபடி அழைத்துப் பார்த்தார்கள். முப்பது வருட வயது அவர்களுடைய உழைக்கும் திறனைக் கெடுத்ததைவிட, இருபதில் படுத்துக் கிடந்த அந்த மூன்று வாரம் அதிகமாகக் கெடுத்திருந்தது. பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். வயதால் அவர்களுடைய மூச்சுத்திறனில் குறைந்திருந்தது முழுவதும் திரும்பிவிட்டது. அதைப் படித்த அன்று என் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. என் உடம்பு கெட்டதற்கு வயதைவிட நாற்காலிக்குத்தான் பொறுப்பு அதிகம்.

சாப்பாட்டில் பெரிதாக எதையும் மாற்றவில்லை, புரதம் ஒன்றைத் தவிர. நம் நாட்டுப் பரிந்துரை ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எனக்கு அது ஐம்பத்தைந்து கிராமுக்கு மேல் வருகிறது. காலையில் இரண்டு இட்லியும் சட்னியும் சாப்பிட்டால் நாலைந்து கிராம்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டபோது அதிர்ந்துபோனேன். இப்போது காலையில் இரண்டு முட்டை, மாலையில் டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் சோறு ஒரு கரண்டி குறைத்துப் பருப்பு ஒரு கரண்டி கூட.

ஆறாவது மாதம் சர்க்கரை 5.9. ஒரு வருடத்தில் 5.6. எடை நாலரை கிலோதான் குறைந்தது, இடுப்பு ஒன்பது சென்டிமீட்டர் குறைந்தது. 2023 நவராத்திரியில் அதே வீட்டில், அதே பாயில் உட்கார்ந்து ஒரு கையை மட்டும் லேசாக ஊன்றி எழுந்தேன். அடுத்த வருடம் அதுவும் வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல இன்னும் இரண்டு விஷயம். நெஞ்சில் இறுக்கம், மயக்கம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர் என்றால் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நடக்கப் போகும்போது, சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

எங்கள் அத்தைக்கு, என் மாமியாருக்கு, இப்போது 76. நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள், "எனக்கும் சொல்லிக்குடேன்" என்றார். பயந்துபோய்ப் பிசியோவிடம் கேட்டேன். 1990-இலேயே அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள், முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது என்றாள். இப்போது சாயங்காலம் டீ ஆனதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை எழுந்து உட்காருகிறார், நான் பக்கத்தில் நின்று எண்ணுகிறேன். நேற்று எட்டு. கம்பியை ஒரு கையால்தான் பிடித்திருந்தார்.