லுங்கி மூட்டிய தையல் பிரிகிறது: பதில்

வணக்கம். யாங்கோனில் வாங்கிய பருத்தி லுங்கித் துணியைக் கையால் மூட்டினீர்கள். சம்மணம் போட்டதும் முழங்கால் பக்கம் தையல் விட்டுவிட்டது, மூட்டிய இடமும் சுருங்கி நிற்கிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் நீங்கள் போட்ட ஓட்டுத் தையல்தான், அதாவது ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிக்கொண்டு போவது. நூலைக் கொஞ்சம் இறுக்கினாலே துணி சுருங்கும், ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகக் கழன்றுகொண்டே போகும்.

விட்ட இடத்தை மட்டும் தைக்காதீர்கள், முழுவதும் பிரித்துவிடுங்கள். இதுவரை நனைக்காத துணியென்றால் ஒருமுறை அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள்.

நல்ல பக்கம் இரண்டும் உள்ளே இருக்கட்டும். கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்த குண்டூசி குத்துங்கள். ஓர் ஓரம் மற்றதைவிட 7 மி.மீ. வெளியே நீட்டியிருக்க வேண்டும். குட்டை ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே பின்தையல் போடுங்கள்: நூல் வெளிவந்த இடத்துக்கு 3 மி.மீ. பின்னால் குத்தி, அதே இடத்துக்கு 3 மி.மீ. முன்னால் ஊசியை எடுக்க வேண்டும். ஒவ்வொரு பத்துத் தையலுக்கும் விரலால் நீவிவிடுங்கள், சுருக்கம் அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு நீண்ட ஓரத்தைக் குட்டை ஓரத்தின்மேல் மடித்து, துணியை விரித்து, இரண்டையும் சேர்த்துத் துணியோடு படியவைத்துச் சின்னச் சாய்வுத் தையலால் பிடியுங்கள். வெட்டிய ஓரம் உள்ளே மறைவதால் நூல் பிரியாது, இழுப்பையும் இரண்டு தையல் தாங்கும்.

பாலியஸ்டர் நூல், ஒற்றை இழை, 45 செ.மீ. போதும். நீளமாக எடுத்தால் முறுக்கிச் சிக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே இடத்தில் மூன்று தையல் போட்டுவிடுங்கள்.