பழைய கார் எவ்வளவு பெறும்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1986 பிரீமியர் பத்மினி ஒன்று அண்ணா நகரில் விலைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயிண்ட், புது சீட் கவர், எஞ்சினில் சத்தமே இல்லை. மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பத்மினியில் மலிவான சமாச்சாரம் எஞ்சின்தான். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடினால் கிடைக்கும். ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது) செய்யத் தெரிந்த லேத்துகளும் இருக்கின்றன. பணத்தை விழுங்குவது தகடு. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அடித்தகடு போனால் வண்டியே போன மாதிரி.

விற்பதற்கென்றே அடித்த புதுப் பெயிண்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள். சின்ன காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழ் நான்கு அங்குலம், சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சில், டிக்கி ஓரம், இங்கெல்லாம் ஒட்டிப் பாருங்கள். பிடிக்காமல் நழுவினால் உள்ளே பட்டி (குழியை நிரப்பும் பூச்சு) கனமாக இருக்கிறது. காந்தம் பிடித்துவிட்டது என்பதற்காக நிம்மதி அடைந்துவிட வேண்டாம். துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்திருந்தாலும் பிடிக்கும். எனவே தரையில் விரித்த மேட்டைத் தூக்குங்கள், ஸ்டெப்னியை வெளியே எடுங்கள், வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பாருங்கள். ஜாக்கி முட்டும் இடம் அமுங்குகிறதா, முன் சஸ்பென்ஷன் பிடிமானத்தைச் சுற்றி வெல்டிங் திட்டு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நான்கு கதவையும் மெதுவாகச் சாத்திப் பாருங்கள். தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டியிருந்தால், கீல் தேய்ந்திருக்கிறது அல்லது பாடி தொய்ந்திருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடற்கரை ஓரம் நின்ற வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. 2015 டிசம்பரிலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்றதா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியைத் தடவிப் பாருங்கள், துரு காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒரு கணம் நீலப் புகை வந்து நின்றால் வால்வு கைடு தேய்மானம். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். கம்ப்ரெஷன் டெஸ்டில் (சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் கோளாறு, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

கடைசியாக ஆர்.சி. புக். 1986 வண்டிக்கு 15 ஆண்டு முடிந்து, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அபராதம், பசுமை வரி பாக்கி, எஃப்.சி.க்காக (தகுதிச் சான்று) ஆகும் செலவு எல்லாவற்றையும் கேட்ட விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். தகடும் பேப்பரும் சுத்தம் என்றால் மட்டும் மூன்றரையைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: தாத்தாவின் 1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருபது வருடமாக ஷெட்டில் நிற்கிறது. எடைக்குப் போடச் சொல்கிறார்கள். ஆர்.சி. தாத்தா பெயரில், அவர் காலமாகிவிட்டார்.
– வாசகி, தாம்பரம்

பதில்: தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பெருங்களத்தூர் – வண்டலூர் வட்டாரத்தில் தயாரான கார் அது. அந்தத் தொழிற்சாலை மூடிப் பல காலம் ஆகிறது. இதன் எஞ்சின், சஸ்பென்ஷன் உதிரிகள் பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். அங்கே இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். கிடைக்காதவை கிரில், விளக்கு வளையம், பேட்ஜ், கண்ணாடி போன்றவை. நான்கு கதவு மாடலாக இருந்தால் கதவும் அப்படித்தான், ஏனென்றால் அது இந்தியாவில் மட்டுமே வந்தது. ஷெட்டில் கழன்று கிடக்கும் துண்டு துணுக்கு அத்தனையையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அந்தப் பெட்டி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை.

பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்புறக் கப்பி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் அதை வீடியோ எடுத்து வையுங்கள். ஜாம் ஆகாத எஞ்சின் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பாலிஷ், டச்-அப் எதுவும் செய்யாதீர்கள். விவரம் தெரிந்தவர் தூசியோடு இருக்கும் ஒரிஜினல் பெயிண்டுக்கே அதிகம் கொடுப்பார். வாங்குகிறவருக்கு ஒரு தகவல்: முன்சக்கர டிரன்னியனுக்கு (சக்கரம் திரும்ப உதவும் மரை இணைப்பு) கிரீஸ் அல்ல, 90 கிரேடு கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் அடித்து ஓட்டினால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும்.

முதல் வேலை பேப்பர். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு ஆர்.டி.ஓ.வில் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றுங்கள். ஆர்.சி. தொலைந்திருந்தால் படிவம் 26. ஐம்பது ஆண்டு கடந்துவிட்டதால், 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளின்படியும் பதிவு செய்யலாம். பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

கேள்வி: மார்க் 2 அம்பாசடர், ஆனால் மெட்டடார் வேனின் டீசல் எஞ்சின் ஏற்றியிருக்கிறது. விலை குறையுமா?
– வாசகர், ஆவடி

பதில்: குறையும். ஆர்.சி.யில் அந்த எஞ்சின் நம்பரும் டீசல் என்பதும் ஏறியிருந்தால் ஓட்டுவதற்கு வாங்குகிறவர் வருவார், சேகரிப்பவர் வரமாட்டார். எஞ்சினையோ பாடியையோ மாற்றிய வண்டி விண்டேஜ் பதிவுக்கும் தகுதி பெறாது. ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் பெயர் மாற்றமே நடக்காது, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கிடைக்கிறது என்பதால் திருப்பி மாற்றலாம். அந்தச் செலவைக் கழித்ததுதான் உங்கள் விலை. முகப்பில் மார்க் 4 கிரில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிறையப் பேர் அப்படி "புதுசாக்கி" வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒன்றை வாங்கி, முழுக்க ரீஸ்டோர் செய்து விற்றால் லாபம் வருமா?
– வாசகர், கே.கே. நகர்

பதில்: பத்மினி, அம்பாசடரில் பெரும்பாலும் வராது. பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடு வரை போனால் டிங்கரிங், பெயிண்ட், குரோம், சீட் நான்கும் சேர்ந்து வண்டியின் விலையைத் தாண்டிவிடும். விற்பதுதான் நோக்கம் என்றால் பிரேக், ரேடியேட்டர், வயரிங் இவற்றோடு நிறுத்துங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறிக் கசியும்.

கேள்வி: வாங்குகிறவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவம் 29, 30 கேட்கிறார். பெயர் பிறகு நிரப்பிக்கொள்வாராம்.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, விபத்து நஷ்ட ஈட்டில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வாங்குகிறவர் பெயர், தேதி நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். முழுப் பணமும் வங்கியில் ஏறிய பின் சாவி. தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட்டு, அவருடைய ஆதார் நகலை வாங்கி வையுங்கள். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. அவர் செய்வார் என்று விட்டுவிடாதீர்கள்.