ரிங் 2 டிஸ்க்: கேட்டவர்களுக்குப் பதில்

ஹிடியோ நகாடா இயக்கிய ஜப்பானியப் பேய்ப்படம் 'ரிங் 2' (1999) டிஸ்க் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கதையை உடைக்கும் இடங்கள் உண்டு, முதல் படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். மறந்தவர்களுக்கு: சடாகோ என்ற பெண்ணின் சாபம் ஏறிய வீடியோ டேப்பைப் பார்ப்பவர் ஒரு வாரத்தில் சாவார், நகலெடுத்து இன்னொருவரைப் பார்க்க வைத்தால் தப்பலாம்.

அண்ணா, லண்டனிலிருந்து சித்தப்பா மகன் பழைய டிவிடி ஒன்று அனுப்பினான். படம் 95 நிமிடம் என்கிறார்கள், என்னிடம் 91தான் ஓடுகிறது. வெட்டிவிட்டார்களா?

ஒரு காட்சிகூடப் போகவில்லை, பயப்படாதீர்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம். பிரிட்டன் டிவிடிகள் PAL என்ற டிவி முறை, அதாவது நொடிக்கு 25 பிரேம். அந்தக் காலத்தில் 24ஐ அப்படியே 25 வேகத்தில் ஓட்டி டிஸ்கில் ஏற்றிவிடுவார்கள், அதனால் 95 நிமிடம் 91 ஆகிவிடும். ஆனால் நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வேகம் 4 சதவீதம் கூடும்போது சுருதியும் சேர்ந்து ஏறிவிடும். கென்ஜி கவாயின் இசை அடியில் உறுமிக்கொண்டே இருக்க வேண்டியது, அதன் கனம் குறைந்துவிடும். ப்ளூ-ரேயில் 24 பிரேமாகவே ஓடும் என்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

சிங்கப்பூரில் இருக்கிறேன். ஜப்பானிலிருந்து நேரடியாக டிஸ்க் வரவழைக்கலாமா?

டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்கான குறியீடுதான் ரீஜன். ப்ளூ-ரே என்றால் பிளேயர் ஏற்கும், ஏனென்றால் ஜப்பானும் சிங்கப்பூரும் ரீஜன் ஏ. டிவிடி என்றால் ஜப்பான் 2, சிங்கப்பூர் 3, ஓடாது. இந்தியாவுக்கு டிவிடி 5, ப்ளூ-ரே சி. பிரிட்டனுக்கு 2, பி. அமெரிக்கா, கனடாவுக்கு 1, ஏ. காசு கட்டுவதற்கு முன்னால் பின்னட்டையில் ரீஜன் பாருங்கள். இன்னொன்று, ஜப்பானில் விற்கும் டிஸ்குகளில் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில் இருக்காது. ஜப்பானிய மொழி தெரியாதென்றால் ஏரோ வீடியோ 2019இல் கொண்டுவந்த பெட்டியைத் தேடுங்கள். ரிங், ராசென், ரிங் 2, ரிங் 0 நான்கும் அதில் இருக்கின்றன. மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் மீட்டெடுத்தது முதல் படத்தை மட்டும்தான், ரிங் 2இலும் அதே பளிச்சை எதிர்பார்க்காதீர்கள்.

ராசென்தானே உண்மையான இரண்டாம் பாகம்? நாவலாசிரியர் எழுதிய தொடர்ச்சியே அதுதான். நகாடா படம் வெறும் வியாபாரம்.

இதை விட மாட்டேன். கோஜி சுசுகி 'ரிங்' நாவலை 1991இலும் அதன் தொடர்ச்சியை 1995இலும் எழுதினார், சரி. அந்தத் தொடர்ச்சிதான் ராசென். ஜோஜி இடா இயக்கத்தில் அது முதல் படத்தோடு சேர்ந்து ஒரே நாளில், 1998 ஜனவரி 31 அன்று, வெளியானது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். மக்கள் முதல் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ராசெனைக் கைவிட்டார்கள். அதனால் தயாரிப்பாளர்கள் ராசென் நடக்கவே இல்லை என்பதுபோல ஒதுக்கிவிட்டு, நகாடாவையும் திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகாஹாஷியையும் வைத்து அடுத்த ஜனவரியிலேயே ரிங் 2ஐக் கொண்டுவந்தார்கள். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாவலில் நாயகன் ஆண். படத்தில் அவரை ரெய்கோ என்ற தாயாக மாற்றியபோதே சினிமா தனி வழியில் போய்விட்டது. தாயையும் மகன் யோய்ச்சியையும் வைத்து முடிந்த கதைக்குத் தொடர்ச்சி, அந்தப் பையனுக்கு அப்புறம் என்ன ஆனது என்றுதானே கேட்க வேண்டும்? ரிங் 2 அதைத்தான் கேட்கிறது.

அதே ஆள்தான். மிகி நகாதானி, ஹிரோயுகி சனாடா இருவரும் ராசெனிலும் அதே பாத்திரங்களில் வருகிறார்களே? அப்படியென்றால் அதுவும் ஒரே தொடர்தானே?

நடிகர்கள் ஒன்றாக இருப்பதால் உலகம் ஒன்றாகிவிடாது. ராசெனில் சாபம் வைரஸ், மரபணு என்று ஆய்வுக்கூடத்துக்குள் போகிறது. பயத்துக்குக் காரணம் சொல்லி விளக்க விளக்கப் பயம் போய்விடுகிறது. ரிங் 2இலும் நீச்சல் குளத்தில் ஒரு பரிசோதனை வருகிறது, அது படத்தின் பலவீனமான பகுதி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி, முதல் படம் அளவுக்கு இது இல்லை என்கிறார்களே, வாங்குவது வீணா?

வீண் இல்லை அக்கா. இரண்டு இடங்களுக்காகவே வாங்கலாம். ஆரம்பத்தில் சடாகோவின் உடலைப் பரிசோதித்தவர்கள், கிணற்றுக்குள் அவள் சுமார் 30 வருஷம் உயிரோடு இருந்திருக்கலாம் என்கிறார்கள். முதல் படத்தில் பேயாகப் பார்த்தவள்மேல் அந்த ஒரு வரியில் இரக்கம் வந்துவிடுகிறது. இரண்டாவது, கனாயே என்ற பள்ளி மாணவி. அவள் பார்த்த டேப்பின் நகலைத் தானும் பார்ப்பதாக நிருபர் ஒகாசாகி வாக்குக் கொடுத்துவிட்டுப் பார்க்காமல் விடுகிறான், அவள் செத்துப்போகிறாள். அவளைப் பேட்டி எடுத்த வீடியோவை அவன் அழிக்க உட்காரும்போது திரையில் படம் தடுமாறுகிறது, தலைமுடி ஆட ஆட முன்னும் பின்னும் அசைகிறாள், பிறகு அவனையே பார்க்கிறாள். ரத்தமும் இல்லை, துரத்தலும் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவனைச் செத்தவள் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரிலிருந்து. அமெரிக்க ப்ளூ-ரே இங்கே ஓடுமா?

மேலே சொல்லிவிட்டேன். அது ஏ, நம்முடையது சி. மல்டி ரீஜன் பிளேயர் இல்லாவிட்டால் ஓடாது.

பிரிட்டன் டிஸ்க் சென்னையில் ஓடுமா?

பின்னட்டை. ரீஜன். பி என்றால் ஓடாது.

2005இல் வந்த ஹாலிவுட் படம் 'தி ரிங் டூ' இதன் ரீமேக்தானே?

இல்லை. அதையும் நகாடாதான் இயக்கினார், ஆனால் கதை வேறு. பேரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டு ஏமாறாதீர்கள்.

படம் முழுக்க ஒரே இருட்டு, புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. டிஸ்க் கோளாறா?

அந்தப் புள்ளிகள் பிலிமின் இயல்பு. டிவியில் ஷார்ப்னஸை ஏற்றி வைத்திருந்தால் அது இரைச்சலாகத் தெரியும், குறையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி எந்தப் பேரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். கிணற்றுச் சுவரில் களிமண் முகத்தோடு சடாகோ ஏறி வரும் காட்சி அதில் சீரியல் மாதிரி ஆகிவிடும். விளக்கையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஜு-ஆன் இரண்டாம் பாகம் பற்றி?

அது வேறொரு ஜப்பானியப் பேய்ப்படத் தொடர், தனியாகப் பேச வேண்டியது. ஒன்று மட்டும்: 2000இல் நேரடியாக வீடியோவுக்கு வந்த 'தி கர்ஸ் 2' வேறு, 2003இல் தியேட்டருக்கு வந்த 'தி க்ரட்ஜ் 2' வேறு. முன்னதில் முதல் பாகத்தின் காட்சிகளே நிறையத் திரும்ப வரும்.

டவுன்லோட் லிங்க் கிடைக்குமா?

கிடைக்காது.

மறுபடியும் நான்தான். அப்படியானால் ராசெனைப் பார்க்கவே வேண்டாமா?

பாருங்கள், ஆனால் ரிங்குக்கும் ரிங் 2க்கும் நடுவில் வேண்டாம். முதலில் ரிங், அடுத்து ரிங் 2, அப்புறம் சடாகோவின் இளமைக் கதையான ரிங் 0. அது 2000இல் வந்தது, நோரியோ சுருடா இயக்கியது. ராசெனை நாவல் படித்த பிறகு தனியாகப் பாருங்கள், அப்போது நீங்களே எனக்கு எழுதுங்கள்.