மீன் செவுள்ல பூச்சி இருந்துச்சு, பையன் நாக்கை அரிச்சிடுமா டாக்டர்?

அரிக்காதும்மா, அந்த பயத்த இப்பவே விட்டுடுங்க. வீடியோல நீங்க பார்த்தது சைமோத்தோவா எக்ஸிகுவா, கலிபோர்னியா வளைகுடா பக்கம் இருக்கறது, மீனோட நாக்குல ஒட்டி ரத்தத்த உறிஞ்சி நாக்கையே சூம்ப வெச்சிடும், ஆனா மனுஷனுக்குள்ள குடியேறாது. உங்க போட்டோல இருக்கறது அது கூட இல்ல. கானாங்கெளுத்தி செவுளுக்குள்ள இருந்துச்சுன்னு சொல்றீங்க, தட்டையா வரி வரியா உடம்பு, ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டிருக்கு, ஏழு ஜோடி கால், நுனியெல்லாம் கொக்கி, பக்கத்துலயே சின்னதா இன்னொன்னு, இதெல்லாம் பார்த்தா நோரிலீகா இண்டிகாங்கற செவுள் ஒட்டுண்ணியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெருசு பெண், சின்னது ஆண். எடுத்துப் போட்டுட்டு கழுவி சமைச்சா மீனுக்கு ஒரு குறையும் இல்ல.

அதுக்குப் போய் மெடிக்கல் ஷாப்ல அல்பெண்டசோல் வாங்கி மூணு நாளா குடுத்திருக்கீங்களே, யார கேட்டு? அது குடல்ல இருக்கற புழுவுக்கு. இது புழுவே இல்ல, இறால் நண்டு குடும்பம். இன்னிக்கே நிறுத்துங்க.

இறால் குடும்பம்னு சொன்னேன்ல, என் கவலையே அங்கதான். அந்தக் குழம்பு சாப்ட்ட கொஞ்ச நேரத்துல பையன் உதடு வீங்கி வாந்தி எடுத்தான், போன வருஷம் இறால் சாப்ட்டப்பவும் வாய் அரிச்சுதுன்னு கடைசி வரில போற போக்குல எழுதிட்டீங்க, லெட்டர்ல முதல் வரியா வந்திருக்க வேண்டியது அது. ஐஸ் போடாம கெட்டுப்போன மீன்னா பெரும்பாலும் சாப்ட்ட எல்லாருக்குமே முகம் சிவந்து தலைவலி வந்திருக்கும், உங்க வீட்ல அவனுக்கு மட்டும்தான் வந்திருக்கு. இறால் அலர்ஜி இருக்கறவங்களுக்கு இந்தப் பூச்சில ஒண்ணு கவனிக்காம குழம்புல விழுந்திருந்தாலும் ஒத்துக்காம போகலாம், கொதிக்க வெச்சா பூச்சி சாகும், ஆனா அலர்ஜி பண்ற புரதம் சூட்டுக்கு அழியாது. மீனே ஒத்துக்காம போயிருக்கவும் வாய்ப்பிருக்கு, அதையும் பார்க்கணும்.

திரும்ப உதடோ நாக்கோ வீங்கி, கூடவே மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, துவண்டு போனாலோ வீட்ல இருக்கற செட்ரிசின் அலர்ஜி மருந்த குடுத்துட்டு காத்திருக்காதீங்க. அந்த நேரத்துல காப்பாத்தறது அட்ரினலின் ஊசி, உடனே 108 கூப்பிடுங்க. மத்தபடி இந்த வாரமே அலர்ஜி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் இறால், நண்டு, மீன் மூணுக்கும் டெஸ்ட் எடுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் மூணுமே அவனுக்கு வேண்டாம்.