கன்வேயரில் போன மூன்று விரல்களுக்கு 75,000 ரூபாயா?

கேள்வி: என் கணவருக்கு 35 வயது. சுரங்கம் ஒன்றில் கான்ட்ராக்டரிடம் வெல்டராக இருந்தார், மாதம் 18,000 ரூபாய் சம்பளம். 2025 மார்ச்சில், நின்றிருந்த கன்வேயரின் விரிசலுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று பெல்ட் ஓடியது. வலது கை ரோலரில் சிக்கி மூன்று விரல்கள் போய்விட்டன. “கரன்ட்டை நிறுத்தாமல் கை வைத்தது உன் தப்பு, 75,000 வாங்கிக்கொண்டு எழுதிக் கொடு” என்கிறார் கான்ட்ராக்டர். “அவர் எங்கள் ஆளே இல்லை” என்கிறது சுரங்க நிறுவனம். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். ஒருவேளை போட்டுவிட்டிருந்தாலும் கலங்காதீர்கள். இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம் பதிவு செய்யாத உடன்படிக்கையால் முழு இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது.

புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-இல். விபத்து அதற்கு முன்பே நடந்ததால், அது அல்ல, 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமே உங்களுக்குப் பொருந்தும். அதில் தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பதை மட்டும் சொல்லி முதலாளி தப்ப முடியாது. போதையில் இருந்தார், பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினார், இவற்றில் ஒன்றை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

அதனால் வேலை பெர்மிட்டின், அதாவது அந்த வேலையைத் தொடங்க அனுமதி தரும் படிவத்தின், நகலை முதலில் கேளுங்கள். கரன்ட்டைத் துண்டித்துப் பூட்டுப் போட்டதாக எலெக்ட்ரீஷியன் கையெழுத்திடும் கட்டம் காலியாக இருக்கிறதா, நேரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் நடத்திய வழக்கு ஒன்றில் விபத்து நடந்தது காலை 11.20-க்கு. எலெக்ட்ரீஷியன் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த நேரமோ 11.45! அதற்கப்புறம் எதிர்த்தரப்பு வாயைத் திறக்கவில்லை. “சீக்கிரம் முடி” என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதையும் அழிக்காதீர்கள்.

“எங்கள் ஆள் இல்லை” என்ற பேச்சும் நிற்காது. கன்வேயரைப் பழுதுபார்ப்பது சுரங்கத்தின் வழக்கமான வேலைதான். 1923 சட்டத்தின் பிரிவு 12-இன்படி நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். மனுவில் இருவரையும் சேருங்கள்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? சம்பளம் 18,000 என்றாலும் கணக்குக்கு 15,000 தான் உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 9,000. முப்பத்தைந்து வயதுக்குச் சட்டம் தரும் காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய், இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையில் மூன்று விரல்கள் போனால் சட்டத்தின் அட்டவணை தருவது அதில் 30 சதவீதம், அதாவது 5,32,062 ரூபாய். இதோடு நிற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1975-இல் ஒரு தச்சர் இடது கையை இழந்த வழக்கில், அவரால் இனி தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே உச்ச நீதிமன்றம் ஏற்றது. மூன்று விரல் இழப்பு அந்த அளவுக்குப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் வெல்டருக்கு வலது கைதானே பிழைப்பு! வெல்டிங் ஹோல்டரை இறுக்கிப் பிடிக்க முடிகிறதா, எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்பதை டாக்டர் சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள். வெறும் “மூன்று விரல்கள் இல்லை” என்று எழுதி வாங்கினால் 30 சதவீதத்தோடு முடித்துவிடுவார்கள்.

சிகிச்சைச் செலவு தனி. பில்களைக் காட்டினால் ஆன செலவு முழுவதையும் கேட்கலாம். விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் இழப்பீடு தராததால் 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

உடல் உறுப்பு நிரந்தரமாகப் போன விபத்து, சுரங்கச் சட்டப்படி பலத்த காயம். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கு நிர்வாகம் தகவல் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கொடுத்திருந்தால் அவர் அங்கே வேலை பார்த்ததற்கு அதுவே சாட்சி.

மனுவுக்கு இரண்டு வருடம், அதாவது 2027 மார்ச் வரை அவகாசம். சுரங்கம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் இழப்பீட்டு ஆணையரிடமே போடலாம்.